அமலராணி டீச்சரின் மறுகூட்டல்

அமலராணி டீச்சர் தன் வாழ்நாளில் வாங்கிய மிகக் குறைந்த மதிப்பெண் இரண்டு. அதுவும் ஐம்பத்திரண்டு வயதில், காம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிபி மாத்திரை வாங்கப் போன இடத்தில். கூடப் போன ஓரகத்தி ஜெயசீலிக்குப் பதினைந்து. இதைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னால் யார்தான் பொறுப்பார்கள்?

இரண்டு பேரும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். சேலையூரில் ஒரே வீட்டின் கீழே அமலராணியும் அவள் கணவர் லாசரஸும், மாடியில் லாசரஸின் தம்பி ஆல்வினும் ஜெயசீலியும். ஒரே கேட், ஒரே மோட்டார், ஒரே தண்ணீர்த் தொட்டி. பொறாமை வளர்வதற்கு இதைவிடத் தோதான வீட்டை எந்த மேஸ்திரியாலும் கட்டித்தர முடியாது.

மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கு பிபி பார்த்து, சர்க்கரை பார்த்து, அந்தக் கையோடு மனசையும் பார்த்துவிடுவது என்று அந்தச் சுகாதார நிலையத்தில் ஆரம்பித்திருந்தார்கள். முற்றிப்போய் வந்த பிறகு பார்ப்பானேன், முளையிலேயே தெரிந்துகொள்ளலாமே என்று ஏற்பாடு. விஷ்ணுப்ரியா என்ற நர்ஸ் ஒவ்வொருவரையும் தனியறைக்குக் கூப்பிட்டுக் கேட்பாள். இந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது பிடிப்பு இருக்கிறதா, இப்படி ஒன்பது கேள்வி. கூடவே குடி, புகையிலை, தூக்க மாத்திரை என்று தனியாகச் சில. அந்த ஒன்பதில் இல்லவே இல்லை என்றால் சைபர், அநேகமாகத் தினமும் என்றால் மூன்று. கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள். தொகை ஏற ஏற ஆள் மோசமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

டீச்சருக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம். எதிர் நாற்காலியில் உட்கார வைத்ததும், வந்த கேள்விக்கெல்லாம் இல்லை, இல்லை என்று தட்டிவிட்டாள். தூக்கம் முன்னே பின்னே இருக்கும் என்றாள், களைப்பு யாருக்குத்தான் இல்லை என்றாள், அதற்குக் கேள்விக்கொன்றாய் இரண்டு. தூக்க மாத்திரை கேள்விக்கு மட்டும் லேசாக முறைத்தாள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி ஒரு வருஷமாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தது அவள் கணக்கில் சேரவே இல்லை. குடிகாரனையும் புகையிலை போடுகிறவனையும் கேட்க வேண்டிய கேள்வியைத் தன்னிடம் கேட்கிறார்களே என்றுதான் கோபம்.

அவளுக்குப் பிறகு ஜெயசீலி உள்ளே போனாள். போனவள் லேசில் வரவில்லை. நடுவில் டாக்டரம்மாவும் உள்ளே போனார். ஜெயசீலி வெளியே வந்தபோது மூக்கும் கண்ணும் சிவந்து கிடந்தன. வீட்டுக்கு நடக்கும்போது, தனக்குப் பதினைந்தாம், உங்களுக்கு எத்தனை அக்கா என்று கேட்டாள். டீச்சர் தன் தொகையைச் சொன்னதும், நீங்கள் எப்பவுமே ஸ்ட்ராங்குக்கா என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டீச்சருக்கு அன்றைக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பெருமை இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? ஜெயசீலிக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள், வாராவாரம் வந்து பேசச் சொல்லியிருந்தார்கள், தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். கேளம்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஆல்வின் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறவன், இப்போது வெயில் இருக்கும்போதே வந்து பெண்டாட்டியை நடக்கக் கூட்டிக்கொண்டு போனான். காலையில் மாடியில் தோசைக்கல் சத்தம் கேட்டது, சுடுகிறவன் ஆல்வின். சரி, அவன் பெண்டாட்டி, அவன் சுடுகிறான், தொலையட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டாள்.

விட முடியாதது லாசரஸ் விஷயம். மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல மனுஷர், ஆனால் கல்லுளிமங்கன். குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போகிற ரகம். அந்த மனுஷர் ஒரு நாள் காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட் பக்கத்தில் நின்று, "ஏம்மா ஜெயசீலி, நேத்து நல்லாத் தூங்கினியாம்மா?" என்று கேட்டார்.

உள்ளே அடுப்பங்கரையில் டீச்சரின் கரண்டி அப்படியே நின்றது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இந்த மனுஷர் இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டதுண்டா? பக்கத்தில் படுத்திருக்கிறவளைக் கேட்கத் தோன்றவில்லை, மாடியில் படுத்திருக்கிறவளைக் கேட்கத் தோன்றுகிறது. அடுப்பில் இருந்ததைவிட அதிகமாக அவள் வயிறு எரிந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பட்ட பாட்டை அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அதோடு போயிற்றா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லாசரஸ் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். நடுத்துண்டையெல்லாம் மேலே கொடுத்துவிடு, அந்தப் பெண் மெலிந்துபோய்விட்டது என்றார். மசாலா அரைத்துத் தடவி வறுத்தது யார்? நம் டீச்சர். வறுத்து மேலே அனுப்பிவிட்டு வால்துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்ததும் அவள்தான். அவள் மெலியவில்லை என்பது உண்மைதான். சில பேருக்குக் கஷ்டம் வந்தால் உடம்பு ஊதும், அதற்கென்ன செய்ய?

அந்த வாரமே அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். ஜெயசீலி தனக்காக ஜெபிக்கச் சொல்லித் தானே கேட்டுக்கொண்டாள். மன்றாட்டு வாசிக்கிறவர் யார்? குரல் நன்றாக இருக்கிறது என்று வருஷக் கணக்காக அந்த வேலை டீச்சருடையது. மனம் சோர்ந்திருக்கும் எங்கள் சகோதரி ஜெயசீலிக்காக என்று கணீரென்று வாசித்தாள். எல்லோரும் ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள், லாசரஸ் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். ஆண்டவரே, என் பெயரும் உமக்கு ஞாபகம் இருக்கிறதா என்று டீச்சர் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குமேல் போய்விட்டது. ஆல்வினுக்கு ஆபீசில் ஆடிட். ஜெயசீலியை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக லாசரஸ் அரை நாள் லீவு போட்டார். லீவு! டீச்சருக்குத் தைராய்டு ஸ்கேன் எடுத்தபோது ஷேர் ஆட்டோவில் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். கம்பெனியில் லீவு தரமாட்டான் என்று அன்றைக்கு இதே வாய்தான் சொன்னது.

சனிக்கிழமை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். எங்கேயோ கூட்டல் தப்பாகியிருக்கிறது. ஜெயசீலிக்குப் பதினைந்து என்றால் தனக்கு எப்படி இரண்டு இருக்க முடியும்? விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அவள் போகாத வருஷம் இல்லை. ஒரு பக்கத்தைக் கூட்டாமல் விட்டதால் மூழ்கிப்போன பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் மறுகூட்டல் என்று ஒரு வழி இருக்கிறது. டீச்சருக்கு மட்டும் இல்லையா?

இங்கேதான் அவள் புத்தி டீச்சர் புத்தியாகவே வேலை செய்தது. பதினாறு எடுத்தால் போதும், ஜெயசீலியைவிட ஒன்று அதிகம். அதற்கு மேல் பேராசை கூடாது. தூக்கத்துக்கு மூன்று, களைப்புக்கு மூன்று, பசிக்கு இரண்டு என்று எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று தயார் செய்துகொண்டாள். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. அதற்கு மட்டும் சைபர் என்று வைத்தாள். பொய்தான் சொல்லப்போகிறோம் என்றாலும் ஞானஸ்நானம் வாங்கியவளுக்கு ஒரு வரைமுறை வேண்டாமா?

திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். மாத்திரை வாங்க இன்னும் நாள் இருக்கிறதே என்று விஷ்ணுப்ரியா ஆச்சரியப்பட்டாள். போன தடவை போட்ட கூட்டல் தப்பு, திரும்பப் பார்க்க வேண்டும் என்றாள் டீச்சர். விஷ்ணுப்ரியாவுக்கு வயது முப்பதுகூட இருக்காது. சிரிக்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இது பரீட்சை இல்ல டீச்சர். இதுல ஜாஸ்தி வாங்கினா நல்லதில்ல."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்மா. நீ கேளு."

எதிலும் ஆர்வமில்லாமல், சந்தோஷமில்லாமல் இருந்ததா என்பது முதல் கேள்வி. தினமும் என்றாள் டீச்சர், தயாராக வைத்திருந்தபடி. விஷ்ணுப்ரியா அதை ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போயிருப்பாள். ஆனால் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. வெறும் விடை எழுதினால் போதுமா, வழிமுறை எழுதாத கணக்குக்கு முழு மார்க் போட்ட ஜாதியா அவள்? நம்பும்படியாக ஒரு உதாரணம் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் தேடினாள். தேடின உடனே கிடைத்தது.

போன வாரம் வகுப்பில் ஒரு பெண் போர்டில் கணக்கைப் புத்தகத்தில் இல்லாத வழியில் போட்டுக் காட்டினாள். விடை சரி, வழி அதைவிட அழகு. முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் டீச்சர் அந்த வாரம் முழுக்க அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள். இந்தத் தடவை உட்கார் என்று சொல்லிவிட்டு போர்டை அழித்தாள். அந்தப் பெண்ணின் முகம் விழுந்தது தெரிந்தது, தெரிந்தும் ஒன்றுமே தோன்றவில்லை. இதைச் சொல்லி முடித்தபோது, தான் பொய் சொல்லவில்லை என்பது டீச்சருக்கே உறைத்தது.

அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் அதே கதைதான். பொய்க்குச் சாட்சி தேடிப் போனால் நிஜம் வந்து நின்றது. பக்கத்தில் அவர் குறட்டை விட, தான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு ஸ்டூலில் வெறுமனே உட்கார்ந்திருப்பது. சாப்பிட்டோமா இல்லையா என்றே தெரியாமல் இரண்டாம் தடவை தட்டு எடுத்து வைப்பது. என்ன நடந்தது, ஏன் இப்படி என்று விஷ்ணுப்ரியா மெதுவாகக் கேட்டாள். கைநீட்டிக் காட்ட டீச்சரிடம் ஒரு காரணமும் இல்லை. யாரும் சாகவில்லை, எதுவும் தொலையவில்லை. அதனாலேயே யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

தூக்க மாத்திரை கேள்வியில் இந்தத் தடவை அவள் முறைக்கவில்லை. போன வருஷம் பேப்பர் திருத்தப் போன நாட்களில் ஆரம்பித்ததைச் சொன்னாள். பாதியாக ஆரம்பித்து ஒன்றாகி, இப்போது இரண்டு. ஒரு நாள் விட்டால் சாக்பீஸ் பிடிக்கிற கை நடுங்குகிறது. மருந்துக் கடைக்காரர் பெரிய டீச்சர் என்று மரியாதையாக எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

கடைசிக் கேள்வி வந்தது. சைபர் என்று முடிவு செய்து வைத்திருந்த கேள்வி. டீச்சர் வாயைத் திறந்தாள், சைபர் வரவில்லை. இதற்கும் ஒரு உதாரணம் இருந்தது.

"சில நாள் காலையில கண்ணு முழிக்கும்போது, முழிக்காமலே போயிருந்தா எல்லாருக்கும் நிம்மதின்னு தோணும்மா," என்றாள். "மனசால மட்டும்தான். வேற ஒண்ணும் நெனச்சதில்ல. மாதா மேல சத்தியமா."

விஷ்ணுப்ரியா பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தொகையை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, கணக்கு டீச்சர் மனசுக்குள்ளேயே கூட்டி முடித்திருந்தாள். பத்தொன்பது. ஜெயசீலியை நாலு மார்க்கில் ஜெயித்தாயிற்று. ஜெயித்த சந்தோஷம் மருந்துக்கும் இல்லை. தான் இவ்வளவு மோசமாக இருப்பது தெரியாமலே இத்தனை நாள் குழம்பு வைத்துக்கொண்டிருந்தோமே என்றுதான் தோன்றியது.

டாக்டரம்மா வந்து நிதானமாகப் பேசினார். இதற்கு மருந்து இருக்கிறது, சரியாகும் என்றார். தூக்க மாத்திரையைத் தானாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது, தான் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். இன்றைக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம், வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிடலாமா, உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் என்றார்.

டீச்சருக்கு அதுவரை இல்லாத பயம் அப்போது வந்தது. அவர் ஷிஃப்டில் இருப்பார், வர முடியாது என்றாள். வர முடியாது என்பது அவளே முந்திக்கொண்டு சொன்னது. கூப்பிட்டு அவர் வராமல் போய்விட்டால்? ஜெயசீலிக்கு லீவு கிடைத்து, தனக்குக் கிடைக்காமல் போய்விட்டால்? அதற்கப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டுக் கேட்டைத் திறப்பது? கேட்காமல் இருக்கும்வரைக்கும் வந்தாலும் வந்திருப்பார் என்று ஒரு ஆறுதலாவது மிஞ்சும்.

கூப்பிட்டுத்தான் பார்ப்போமே டீச்சர் என்றாள் விஷ்ணுப்ரியா. டீச்சர் கடைசியில் நம்பரைச் சொன்னாள். விஷ்ணுப்ரியா ஸ்பீக்கரில் போட்டு, சுகாதார நிலையத்திலிருந்து பேசுகிறோம் என்று ஆரம்பித்ததுதான் தாமதம். மெஷின் இரைச்சலுக்கு நடுவே லாசரஸின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"ஜெயசீலிக்கு என்ன ஆச்சு சிஸ்டர்?"

விஷ்ணுப்ரியா டீச்சரைப் பார்க்காமல் பேசினாள். "அவங்க நல்லா இருக்காங்க சார். நாங்க உங்க வைஃபுக்காகக் கூப்பிட்டோம். அமலராணி டீச்சருக்கு."

"அமலாவுக்கா?" என்றார் லாசரஸ். "அவளுக்கு ஒண்ணும் வராதே சிஸ்டர். நல்லாப் பாத்தீங்களா?"

அந்த ஒரு கேள்வியில் டீச்சருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. போனைப் பிடுங்கி, ஆமாய்யா, நான் கருங்கல்லு, எனக்கு என்ன வரும் என்று கத்தலாம் போலிருந்தது. ஆனால் ஆத்திரத்தோடு ஆத்திரமாக இன்னொன்றும் தோன்றியது. காய்ச்சலோடு சமைத்த நாளிலும், ஸ்கேனுக்குப் போன நாளிலும், அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்க என்று சொன்னவள் யார்? இருபத்தேழு வருஷமாக அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தானே அந்த மனுஷர் பிசகாமல் ஒப்பிக்கிறார்? அவள் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஏங்க, நான்தான். நல்லாத்தான் பாத்திருக்காங்க. எனக்கு முடியலங்க. நீங்க வாங்க."

தனக்கு முடியவில்லை, வாங்க என்று அவரை அவள் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் அவர் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, இதோ கிளம்பிவிட்டேன் என்றார். வருவதற்கு நேரமாகும், வீட்டில் ஜெயசீலி இருக்கிறாள், பக்கம்தானே, அவளை உடனே அனுப்பட்டுமா என்றார்.

"அவ வேணாம்," என்றாள் டீச்சர், ஒரு வகுப்பையே அடக்கும் குரலில். "நீங்க மட்டும் வாங்க."

விஷ்ணுப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பி, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். டீச்சருக்கு வெட்கமில்லை. ஜெயசீலி மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை, பாவம் அவளும் பட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று இப்போது புரிந்தது. புரிந்தாலும் இன்றைக்கு ஒரு நாள் பங்கு போட முடியாது. அவ்வளவுதான்.

மாத்திரை வாங்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். விஷ்ணுப்ரியா டீ வாங்கிக் கொடுத்தாள், அது கையிலேயே ஆறிப்போனது. வண்டலூரில் டிராஃபிக் நிற்குமே, பெருங்களத்தூரில் அதைவிட நிற்குமே என்று வழியெல்லாம் மனசு போய் வந்தது. அப்புறம் வேறு மாதிரியும் ஓடியது. மேனேஜர் விடமாட்டேன் என்றிருப்பார், இவரும் சரி என்றிருப்பார். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய், எதற்கும் துணைக்கு இருக்கட்டும் என்று ஜெயசீலியையும் ஏற்றிக்கொண்டு வருவார். அப்படி வந்தால் இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருப்பதில்லை என்று டீச்சர் தீர்மானம் செய்துகொண்டாள்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. யாரோ கூட வேலை பார்க்கிறவரின் வண்டி. லாசரஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். கம்பெனி யூனிஃபாரம், கழுத்தில் ஐடி கார்டு, காலில் அந்தக் கனமான சேஃப்டி ஷூ. வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றார். இப்படிப்பட்ட நேரத்தில் பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிக் கையைக் காட்டினார்.

"தனியாத்தான் வந்திருக்கேன் அமலா," என்றார்.

பிபி மாத்திரைக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் டீச்சர் வாய்விட்டு அழுதாள்.